வாய்க்கால் வெட்டினவர்களின் நீதவான்

அன்பு மாரிமுத்து அண்ணைக்கு,

நீங்கள் இருந்த காலத்தில் ஒருநாளும் உங்களை இப்படிக் கூப்பிட்டதில்லை. என் வயலில் வேலை செய்த வருடங்களில் "மாரிமுத்து, இஞ்சை வா" என்றேன். நீங்கள் எங்கள் ஊர் மன்றுக்கு நீதவானாக வந்தபிறகு பெயர் சொல்லவும் வாய் வரவில்லை, முறை சொல்லவும் மனம் வரவில்லை. "இஞ்சேருங்கோ" என்று கூப்பிட்டுப் பார்த்தேன். அது கட்டின மனுசனைக் கூப்பிடுகிற மாதிரி இருக்கிறதென்று என் பெரியண்ணன் பல்லைக் கடித்தபிறகு அதையும் விட்டேன். இப்போது நீங்கள் மறுத்துச் சொல்ல மாட்டீர்கள் என்ற துணிவில் அண்ணை என்று எழுதுகிறேன். கோபம் என்றால் கோபியுங்கோ.

எழுதக் காரணம் இருக்கிறது. நாளைக் காலை தண்ணீர் கொண்டுவரும் பவுசர் லொறி வந்து போனபிறகு ஒரு வழக்கு. எதிராளி உங்கள் மகள் சாந்தி. விசாரிக்கப் போவது நான்.

சிரிக்காதேயுங்கோ. நாங்கள் இப்போது வவுனியாப் பக்கத்தில், முட்கம்பிக்குள்ளே கூடாரங்களில் இருக்கிறோம். எங்கள் வரிசையில் எங்கள் ஊரான அக்கராயன் ஆட்களும் இருக்கிறார்கள், முல்லைத்தீவு ஆட்களும் இருக்கிறார்கள். ஒரு கூடாரத்தின் கயிறு அடுத்த கூடாரத்தின் வாசலில் கிடக்கிறது. சண்டைக்குக் குறைவில்லை. போன மாதம் எல்லோருமாகச் சேர்ந்து, யாராவது ஒருவர் இருந்து கேட்டால் நல்லது என்று முடிவெடுத்தார்கள். யாருக்கு வாக்கு என்ற பேச்சு வந்தது. குடும்ப அட்டை உள்ளவர்களுக்கு என்றார் ஒருவர். நான் எழும்பி, "மழைக்கு முன்னம் தண்ணி வடிஞ்சோடக் கான் வெட்டின ஆக்களுக்கு" என்றேன். பெரியண்ணன் என்னைப் பார்த்த பார்வையை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தப் பட்டியலில் இருந்தவர்கள்தான் என்னைத் தெரிந்தெடுத்தார்கள். இந்த முறை என் பெயரும் பட்டியலில் இருந்தது.

வழக்கு உங்கள் மஞ்சள் வாளியைப் பற்றியது. கைப்பிடி அறுந்து கயிறு கட்டிய அதே வாளிதான். இங்கே தண்ணீர் ஆளுக்கு ஒரு வாளி. விடிய எழும்பி வாளிகளை வரிசையில் வைத்துவிட்டால் பவுசர் வரும்வரை வாளி நிற்கும், ஆள் நிற்கத் தேவையில்லை. சாந்தியும் பிள்ளைகள் இரண்டும் மூன்று பேர். வரிசையில் நிற்பது நான்கு வாளி. நான்காவது உங்களுடையது. அவளின் கூடாரம் பவுசர் நிற்கும் தலைப்பில். கடைசிக் கூடாரத்தில் நிர்மலா என்று முல்லைத்தீவுப் பிள்ளை ஒருத்தி, கைக்குழந்தையோடு. அவளின் முறை வரும்போது குழாயில் கலங்கல்தான் வருகிறது. அவள்தான் முறைப்பாட்டுக்காரி.

இதில் என் பிழையும் இருக்கிறது. தண்ணீர்க் கொப்பி என் கையில். அதில் 'மாரிமுத்து, ஒரு வாளி' என்று எழுதியது நான். சாந்தி கேட்டாள், எழுதினேன். இல்லை என்று சொல்ல என்னால் முடியவில்லை. ஒரு கொப்பியில் உங்கள் பெயரை எழுதி நான் அகப்பட்டுக்கொள்வது இது இரண்டாம் முறை.

முதல் முறை நடந்ததை இங்கே முல்லைத்தீவு ஆட்களுக்குத் தெரியாது. இந்தக் கடிதத்தை மடித்து வைக்கிற எண்ணம் எனக்கில்லை. வரிசையில் கைமாறட்டும், விருப்பமானவர்கள் வாசிக்கட்டும். உங்கள் மன்றில் நீங்கள் யாரையும் காதுக்குள் குசுகுசுக்க விட்டதில்லையே. அதனால் அவர்களுக்கும் விளங்கும்படி சொல்கிறேன்.

பாதை திறந்து சமாதானம் என்று ஊர் மூச்சுவிட்ட காலம். யாழ்ப்பாணத்துக்கும் வவுனியாவுக்கும் போயிருந்தவர்கள் திரும்பி வந்தார்கள். வந்த கையோடு எல்லைச் சண்டை, கிணற்றுச் சண்டை, மாட்டுச் சண்டை. இந்தச் சின்ன வழக்குகளையெல்லாம் கிளிநொச்சி மன்றுக்குக் கொண்டு வரவேண்டாம், ஊரே ஒருவரைத் தெரிந்தெடுத்து ஊர் மன்று நடத்தட்டும் என்று அங்கிருந்து சொல்லி அனுப்பினார்கள். யாருக்கு வாக்கு என்பதையும் ஊரே முடிவு செய்யலாம் என்றார்கள். ஊர் என்றால் அப்போது வாய்க்கால் சங்கம். வாய்க்கால் சங்கம் என்றால் அதன் செயலாளர் தவமணி, அதாவது நான்.

பெரியண்ணன் குலசேகரம் ஓய்வுபெற்ற அதிபர். அந்தக் கதிரை அவருக்கென்றே செய்தது என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் நினைப்பு. திரும்பி வந்தவர்கள் தங்கள் ஆளை நிறுத்தினால் என்ன செய்வது என்பதுதான் பயம். அவர்களை ஒதுக்கிவிட நான் ஒரு விதி எழுதினேன். கடந்த இரண்டு போகமும் வாய்க்கால் துப்புரவுப் பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டுமே வாக்கு. ஊரில் இல்லாதவன் எப்படி வாய்க்கால் வெட்டியிருப்பான்? பெரியண்ணன் வாசித்துப் பார்த்துவிட்டு, "உன்ர மூளைக்கு நீ சட்டம் படிச்சிருக்க வேணுமடி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அந்தப் பட்டியலை நான் எப்படி எழுதுவேன் என்பதை நானே மறந்துபோனேன். துப்புரவு நாளில் மதகடியில் மரநிழலில் கொப்பியோடு இருப்பேன். வாய்க்காலுக்குள் மண்வெட்டியோடு இறங்குகிறவரின் பெயரை எழுதுவேன். பிறகு அந்தப் பெயர்களுக்குத்தான் தேத்தண்ணியும் பணிசும். ஏக்கருக்கு ஒரு ஆள் அனுப்ப வேண்டும் என்பது சங்கத்தின் ஒழுங்கு. காணிக்காரர் யார் இறங்கினார்கள்? எல்லோரும் ஆள்தான் அனுப்பினார்கள். இறங்கியது நீங்கள், உங்கள் பக்கத்து ராசாத்தி, வாய்க்கால் முடிகிற இடத்து உங்கள் கடைவாய்க்கால் ஆட்கள். மலைநாட்டிலிருந்து அடிவாங்கி வந்து காடு வெட்டி, அனுமதிப்பத்திரம் இல்லாத காணியில் குடியிருந்த ஆட்கள். என் கொப்பியில் இரண்டு போகமும் உங்கள் பெயர்கள்தான், என் அழகான கையெழுத்தில்.

வாக்குப் போடும் நாள் சனசமூக நிலையத்தில் கயிறு கட்டி, பட்டியலை வாசிக்கச் சொன்னார்கள். பெயர் வாசிக்கப்பட்டவர் கயிற்றுக்குள்ளே போகவேண்டும். நான் வாசித்தேன். ஐந்தாறு பெயர் வாசித்தபோதே என் பிழை எனக்கு விளங்கிவிட்டது. வேட்டி சால்வையோடு வந்திருந்தவர்கள் எல்லோரும் கயிற்றுக்கு வெளியே நிற்க, சறம் மடித்துக் கட்டினவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். பெரியண்ணனின் பெயர் இல்லை. என் பெயரும் இல்லை.

"இதில ஏதோ பிழை நடந்திட்டுது. விதியை மாத்த வேணும்" என்றேன், மேற்பார்வைக்கு வந்திருந்த கண்ணாடிக்காரரிடம்.

"ஆர் எழுதின விதி?"

"நான்தான்."

"கையெழுத்து?"

"என்ர."

"அப்ப மிச்சத்தை வாசியுங்கோ, அம்மா."

வாசித்து முடித்தேன். பெரியண்ணன் மட்டும்தான் நிற்பதாகப் பேச்சு. வேறு யாராவது நிற்கிறீர்களா என்று கண்ணாடிக்காரர் ஒரு கடமைக்குக் கேட்டார். பின்னாலிருந்து ராசாத்தியின் குரல், "எங்க மாரிமுத்தண்ணன் நிக்கட்டுங்க." நீங்கள் பதறிப்போய், "ஐயோ எனக்கு வேணாங்க, தவமணியம்மா வயல்ல களை கிடக்கு" என்றீர்கள். எல்லோரும் சிரித்தார்கள், நான் மட்டும் சிரிக்கவில்லை. சீலைக்குப் பின்னால் இரண்டு பிஸ்கற் ரின் வைத்து வாக்குப் போட்டார்கள். பெரியண்ணனுக்கு விழுந்தது பதினொன்று. அவருக்கு அவருடைய வாக்கே இல்லை.

அந்தக் கிழமை முழுவதும் நான் உங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. ஆனால் நீதவானுக்குப் பக்கத்தில் இருந்து எழுதவேண்டியது சங்கச் செயலாளர். அதுவும் நானே எழுதிய விதி. என் வாயைத்தான் தைக்க வேண்டும்.

உங்கள் முதல் வழக்கு நாள் எனக்குப் படமாக நிற்கிறது. மன்றுக்கு ஒரேயொரு நல்ல கதிரை. நீங்கள் அதில் இருக்கக் கூச்சப்படுகிறீர்கள் என்று நினைத்து, "இருங்கோவன், அதுக்குத்தானே உங்களைத் தெரிஞ்செடுத்தது" என்று வெடுக்கென்று சொன்னேன். நீங்கள் அதைத் தூக்கிக்கொண்டுபோய் நடுங்கிக்கொண்டு நின்ற எதிராளியின் பின்னால் வைத்தீர்கள். "நிக்கிறவருக்குப் பயம் கூடங்க அம்மா. பயந்தவரு சரியாப் பேசமாட்டாரு" என்றீர்கள். அன்றிலிருந்து எந்த வழக்கிலும் நீங்கள் கதிரையில் இருந்ததை நான் பார்க்கவில்லை. நின்றபடிதான் கேட்டீர்கள்.

பிறகு அந்தக் கேள்வி. முறைப்பாட்டுக்காரர் தன் பக்கத்தைச் சொல்ல வாயெடுத்ததும் கையைக் காட்டி நிறுத்தினீர்கள். "உங்க கதைய அவரு சொல்லட்டும். அவரு கதைய நீங்க சொல்லுங்க." ஒருவர் மற்றவரின் கதையைச் சொல்லவேண்டும். கதைக்குச் சொந்தக்காரர் "ஓம், அதுதான் என்ர கதை" என்று ஒப்புக்கொள்ளும்வரை வழக்கு தொடங்காது. மற்றவனின் கதையைச் சொல்லத் தெரியாமல் மூன்று தவணை திரும்பிப் போனவர்கள் உண்டு. விசர் மன்று, பைத்தியக்கார மன்று என்று ஊர் பகிடி பண்ணியது. நானும்தான்.

ஒருநாள் கொப்பியை மூடிக்கொண்டு கேட்டேன், இதை எங்கே படித்தீர்கள் என்று. நீங்கள் இளந்தாரியாக மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்தபோது ஒரு வழக்கில் அகப்பட்ட கதையைச் சொன்னீர்கள். உங்களுக்கு விளங்காத பாசையில் ஏதேதோ பேசினார்கள், இரண்டு கிழமை மறியலில் அடைத்து வைத்தார்கள், பிறகு விட்டார்கள். "என் மேல என்ன குத்தம்னு இன்னைக்கும் தெரியாதுங்க. என்னைச் சொன்னவன் என்ன சொன்னான்னு யாராச்சும் சொல்லியிருந்தா, ஆமான்னோ இல்லைன்னோ சொல்லியிருப்பேன்." அதைச் சொல்லிவிட்டு நீங்கள் களை பிடுங்கப் போய்விட்டீர்கள். உங்களுக்குப் பதினெட்டு வருடம் சம்பளம் கொடுத்த எனக்கு இது தெரியாது. நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பிறகு என் வழக்கு வந்தது. அது சிறுபோகம், குளத்தில் தண்ணீர் குறைவு. என் முறை முடிந்தபிறகும் நான் மடையை அடைக்கவில்லை. கடைவாய்க்காலில் ராசாத்தியின் இரண்டு ஏக்கரும் கருகத் தொடங்கியது. அவள் முறைப்பாடு வைத்தாள். என்மேல், செயலாளர்மேல்! நீங்கள் என் கையிலிருந்து கொப்பியை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்தக் கதிரையை எனக்குக் காட்டினீர்கள்.

"ராசாத்தி கதையச் சொல்லுங்க அம்மா."

"அவவுக்குத் தண்ணி காணாதாம். வேறென்ன?"

"இது என் கதை இல்லீங்க" என்றாள் ராசாத்தி.

இரண்டாம் தவணையும் அப்படியே போனது. மூன்றாம் தவணைக்கு முதல்நாள், யாரும் காணாத நேரம் பார்த்துக் கடைவாய்க்கால் வரைக்கும் நடந்து போனேன். நாற்பது வருடம் அந்த ஊரில் இருந்திருக்கிறேன். அந்த வாய்க்கால் எங்கே முடிகிறதென்று அன்றுதான் பார்த்தேன். ராசாத்தியும், பள்ளிக்கூட நேரத்தில் அவளின் மூத்த மகளும், குடத்தில் தண்ணீர் அள்ளி வந்து நாற்றின் அடிக்கு ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வயலுக்குக் குடத்தால் தண்ணீர்! நான் வந்த வழியே திரும்பி வந்தேன்.

அடுத்தநாள் அவளின் கதையைச் சொன்னேன். குடத்தைப் பற்றிச் சொன்னேன், அவளின் மூத்தவளைப் பள்ளிக்கூடத்துக்கு விடாமல் மறித்து அள்ள விட்டதைச் சொன்னேன். "ஆமாங்க, அதுதான்" என்று ராசாத்தி கண்ணைத் துடைத்தாள். எனக்கு மிச்சமிருந்த தண்ணீர் முறை முழுவதையும் அவளுக்கு விடவேண்டும் என்று நீங்கள் தீர்த்தீர்கள். எனக்கு அந்தமுறை அரை விளைச்சல்தான். வீட்டுக்கு வந்து உங்களைத் திட்டினேன். ஆனால் திட்டும்போது சத்தம் எழும்பவில்லை.

நீங்கள் பிழைவிட்டதும் உண்டு. சிவப்பு நாம்பன் வழக்கில் மாட்டைத் தவறான ஆளிடம் கொடுத்துவிட்டீர்கள். அடுத்த தவணையில் வழக்கு எதுவும் எடுக்குமுன், "போன கிழமை நான் சொன்னது பிழைங்க" என்று கூட்டத்துக்கு முன்னால் சொன்னீர்கள். நாம்பனை நீங்களே பிடித்துக்கொண்டு போய் உரியவரின் வாசலில் கட்டினீர்கள். அதிபராக இருந்த என் அண்ணன் முப்பது வருடத்தில் ஒருமுறைகூட அப்படிச் சொல்லிக் கேட்டதில்லை. இதை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

இரண்டு வருடத்தில் மறுபடி தேர்தல். இந்தமுறை எங்கள் ஆட்கள் உசாராகிவிட்டார்கள். அதற்கு முந்தின இரண்டு போகமும் துப்புரவு நாள் வந்தது, பட்டியலில் பெயர் வரவேண்டுமே! வேட்டிக்காரர் எல்லோரும் மண்வெட்டியோடு வாய்க்காலுக்குள் இறங்கினார்கள். பெரியண்ணன் சால்வையைத் தலையில் கட்டிக்கொண்டு சேற்றில் வழுக்கி விழுந்தார். நீங்கள்தான் கை கொடுத்துத் தூக்கினீர்கள். நானும் கொப்பியை மரத்தடியில் வைத்துவிட்டு இறங்கினேன், என் இரண்டு உள்ளங்கையும் கொப்புளித்தது. அந்த வருடம் வாய்க்கால் இருந்த துப்புரவுக்குக் கடைவாய்க்காலுக்கு ஒரு நாள் முந்தியே தண்ணீர் போய்ச் சேர்ந்தது.

அண்ணனும் நின்றார், நீங்களும் நின்றீர்கள். எங்கள் ஆட்களும் உங்கள் ஆட்களும் கிட்டத்தட்டச் சரிபாதி. நீங்கள் இரண்டு வாக்கில் வென்றீர்கள். யார் கவிழ்த்தது என்று பெரியண்ணன் ஒரு மாதம் துருவித் துருவித் தேடினார். இன்றைக்குச் சொல்கிறேன். அந்த இரண்டில் ஒன்று நான். கொப்புளித்த கையால்தான் உங்கள் ரின்னுக்குள் போட்டேன். மற்றது யாரென்று எனக்குத் தெரியாது. உங்களிடம் சொல்லவேண்டும் என்று பலமுறை வாய்வரை வந்தது. சொல்லவில்லை. என் திமிர்தான், வேறென்ன?

பிறகு நடந்தது எல்லோருக்கும் தெரியும். அக்கராயனை விட்டுக் கிளம்பினோம். இடம் இடமாகக் கிழக்கே போனோம். நீங்கள் அந்த மஞ்சள் வாளிக்குள் மன்றின் கொப்பியைச் சீலையில் சுற்றி வைத்துத் தூக்கி வந்தீர்கள். தங்கிய இடமெல்லாம் வழக்கு. பதுங்குகுழிக்கு இடம் பிடித்த சண்டை, ஒரு தறப்பாள் கூரைக்கு இரண்டு குடும்பம் உரிமை கேட்ட சண்டை. கதிரை இல்லாத இடத்தில் வாளியைக் கவிழ்த்து வைத்து எதிராளியை இருத்தினீர்கள். "அண்ணை, இந்த நேரத்தில உதெல்லாம் தேவையோ?" என்று ஒருவர் கேட்டார். "இந்த நேரத்துலதாங்க தேவை" என்றீர்கள். ஷெல் விழுந்துகொண்டிருந்த நாட்களில் எங்கள் ஆட்கள் தண்ணீருக்கு அடிபடாமல் நின்றார்கள் என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான்.

நாளை சாந்தியின் முன்னால் எப்படி நிற்கப் போகிறேன் என்று தெரியவில்லை. அவள் பக்கமாகத் தீர்த்தால் இந்த வரிசையில் ஒருவரும் குறை சொல்லமாட்டார்கள். தகப்பனை இழந்த பிள்ளை, ஒரு வாளி போனால் போகட்டும் என்பார்கள். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் நிர்மலாவின் குழந்தைக்கு மூன்று நாளாக வயிற்றோட்டம். நீங்கள் என்ன செய்வீர்கள்? கேட்டுக்கொண்டே கொப்பியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். பவுசர்க்காரன் காலையில் வந்துவிடுவான்.

இது மறுநாள் எழுதுவது. வழக்கு முடிந்தது.

சமையல் கொட்டிலின் நிழலில் கூடினோம். பெரியண்ணனும் வந்து பின்னால் நின்றார். இரண்டு பேரையும் சாக்கில் இருத்திவிட்டு நான் நின்றேன். "நிர்மலாவின்ர கதையை நீ சொல்லு" என்றேன் சாந்தியிடம்.

"அவவுக்குப் பிள்ளைக்குப் பால் கரைக்கத் தண்ணி வேணும்."

"இது என்ர கதை இல்லை" என்றாள் நிர்மலா, மெதுவாக.

சாந்தி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு வேண்டாம், அடுத்த தவணை பார்ப்போம் என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அவளே பேசினாள்.

"கடைசியில வாறது கலங்கல். அவ அதைச் சீலையால வடிச்சுத்தான் பிள்ளைக்குக் குடுக்கிறா. பிள்ளைக்கு வயித்தாலை போகுது. விடிய எங்கட வாளிக்குப் பக்கத்தாலதான் அவ போறவ. இல்லாத ஆளுக்குத் தண்ணி இருக்கு, இருக்கிற பிள்ளைக்கு இல்லையே எண்டு அவ நினைக்கிறா. அதை வாய்விட்டுச் சொன்னா நான் தாங்கமாட்டன் எண்டு இவ்வளவு நாளும் சொல்லாம இருந்திருக்கிறா."

நிர்மலா தலையை ஆட்டினாள். பிறகு, "ஓம். அதுதான்" என்றாள்.

அடுத்தது அவளின் முறை. குழந்தையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டு சொன்னாள். "அவவுக்குத் தண்ணி வேணும் எண்டில்லை. மூண்டு வாளி வைச்சா, இனி மூண்டு பேர்தான் எண்டு ஒவ்வொரு விடியலும் அவ தன்ர வாயால சொல்லுற மாதிரி. தேப்பன் சாகேக்க அவ பக்கத்தில இல்லை. எங்க மண்ணுக்க தாட்டது எண்டும் தெரியாது. ஒருத்தரும் அவவுக்குச் சொல்லவும் இல்லை. வாளி வரிசையில நிண்டா, அவர் எங்கயோ போயிருக்கிறார், வந்திடுவார் எண்டு இருக்கும்."

"ஓம்" என்றாள் சாந்தி. "அதுதான் என்ர கதை."

தீர்ப்பை நான் உடனே சொல்லியிருக்கலாம். ஆனால் 'ஒருத்தரும் சொல்லவில்லை' என்ற அந்தப் பேச்சு என்னைத்தான் சுட்டது. "இந்த வழக்கில மூண்டாவது ஆள் ஒண்டு இருக்கு" என்றேன். "கொப்பியில பேரை எழுதின ஆள். அவவின்ர கதையை ஒருத்தருக்கும் தெரியாது. அதனால அவவே சொல்லுவா."

சொன்னேன், அண்ணை. இத்தனை மாதமாகச் சாந்தியின் முகத்தைப் பார்த்துப் பார்த்து விழுங்கியதைச் சொன்னேன். அவள் பிள்ளைகளோடு மற்றப் பக்கம் ஒதுங்கியிருந்த அந்தக் காலை, தண்ணீர் வரிசையில் உங்களுக்கு முன்னால் நின்றது நான். ஷெல் விழுந்தபோது நான் குப்புற விழுந்து கிடந்தேன். எழும்பிப் பார்த்தபோது நீங்கள் எழும்பவில்லை. உங்களுக்கு நோக நேரமிருக்கவில்லை என்று சொன்னேன், அது உண்மை. பக்கத்துக் கூடாரத்தில் மண்வெட்டி வாங்கி, இப்போது வேறு முகாமில் இருக்கிற ராசாத்தியும் நானும் வெட்டினோம். கடற்கரை மணல், வெட்ட வெட்டச் சரிந்தது. பாயில் சுற்றி வைத்தோம். இரண்டு பனைக்கும் உடைந்த வள்ளத்துக்கும் நடுவில். அந்த இடம் எனக்குத் தெரியும், கண்ணை மூடிக்கொண்டும் போவேன் என்றேன். உன் தகப்பனைத் தனியே விட்டுவிட்டு வரவில்லை, பிள்ளை, என்றேன். வாளியை மட்டும்தான் எடுத்து வந்து உன்னிடம் தந்தேன். தந்த அன்றைக்கே இதைச் சொல்லியிருக்க வேண்டும், பயத்தில் சொல்லவில்லை, அது என் பிழை என்றேன். போன கிழமை நான் சொன்னது பிழைங்க என்று நீங்கள் சொன்ன அந்தக் குரலை நினைத்துக்கொண்டுதான் சொன்னேன்.

சாந்தி அழுதாள். இங்கே வந்தபிறகு அவள் வாய்விட்டு அழுது நான் பார்த்தது இன்றைக்குத்தான். யாரும் அவளை மறிக்கவில்லை.

பிறகு தீர்ப்பு. தண்ணீர் உயிரோடு இருப்பவர்களுக்கு, ஆளுக்கு ஒரு வாளி. நாளையிலிருந்து வரிசை ஒருநாள் தலைப்பிலிருந்து, அடுத்தநாள் கடைசியிலிருந்து. எல்லோரும் பார்க்கக் கொப்பியைத் திறந்து, உங்கள் பெயருக்குக் குறுக்கே கோடு போட்டேன். கோடு நேராக வரவில்லை. வரிசைக்குப் போய் உங்கள் வாளியை நானே எடுத்து, சாந்தியின் கூடாரத்துக்குள் கொண்டுபோய் வைத்தேன்.

திரும்பி வரும்போது பெரியண்ணன் வழியில் நின்றார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நான் சண்டைக்குத் தயாராக நிமிர்ந்தேன். "மாரிமுத்து இருந்திருந்தாலும் இதைத்தான் சொல்லியிருப்பான்" என்றார். இரண்டடி நடந்துவிட்டு, "சொல்லியிருப்பார்" என்று திருத்தினார்.

பின்னேரம் இரண்டாவது வழக்கு, கூடாரக் கயிறு அறுத்த விசயம். எதிராளி ஒரு கிழவர், நிற்க முடியாமல் தடியைப் பிடித்துக்கொண்டிருந்தார். சாந்தி தன் கூடாரத்திலிருந்து மஞ்சள் வாளியைக் கொண்டு வந்தாள். அவருக்குப் பின்னால் கவிழ்த்து வைத்தாள். "வழக்குக்காரர் இதில இருக்கட்டும், மாமி" என்றாள்.

நேற்றுவரை நான் அவளுக்குத் தவமணியம்மா. தகப்பனின் தங்கச்சியைத்தான் நாங்கள் மாமி என்போம். அவள் மாமி என்றால் நான் உங்களுக்கு என்ன முறை? இனி யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை.

ஒரு வாக்குத் தருகிறேன். இந்தக் கம்பிக்குள் இருக்கும்வரை நின்றபடிதான் கேட்பேன். திறந்துவிடும் நாளில் சாந்தியைக் கூட்டிக்கொண்டு அந்த இரண்டு பனைக்கும் போவேன், யார் மறித்தாலும் போவேன். பிறகு அக்கராயனுக்கு. முதலில் வாய்க்காலுக்குள் இறங்குவேன், கொப்பியை அதன் பிறகுதான் எடுப்பேன். அந்தப் பட்டியலில் உங்கள் பெயரை எழுதமாட்டேன், அண்ணை. உங்கள் பங்கையும் சேர்த்து வெட்டுவேன்.

இரண்டாம் தேர்தலில் உங்களுக்கு வாக்குப் போட்ட
உங்கள் தங்கச்சி,
தவமணி